தீர்மான எண் என்ன? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "தேர்தல் முடிந்ததும் நம் ஊரில் ஜனநாயகம் ஐந்து வருஷம் தூங்கப் போய்விடுகிறது" என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: சார், கிராம சபைக்குப் போவதே வீண். எங்கள் தெருவுக்கு ஒன்றரை வருஷமாகத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கத்துகிறோம். "பார்க்கிறோம்" என்கிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஜனநாயகமா?
– வாசகர், துறையூர் அருகே

கத்தியது சரி. அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா? தீர்மான எண் என்ன? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் கத்தவே இல்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எல்லா ஊரிலும் இதுதான் கதை. கூட்டம் நடக்கும்போது நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள், தீர்மானம் சாவகாசமாக ஆபீஸில் உட்கார்ந்து எழுதப்படும். நீங்கள் பேசிய தண்ணீர்ப் பிரச்னை அதில் "பொதுவான கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டன" என்ற ஒரு வரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே தெருக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பிரச்னையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்று எழுதினால் அவர்கள் பதிலும் மொட்டையாகத்தான் வரும். எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, எந்த வால்வுக்கு அப்புறம் அழுத்தம் குறைகிறது, மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, டேங்க் ஆபரேட்டர் என்ன சொல்கிறார், ஒரு மாதம் எந்தெந்த நாள் வந்தது, எந்தெந்த நாள் வரவில்லை என்பதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொண்டு போனால் "பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவது கொஞ்சம் கஷ்டம். அதை மனுவாகக் கொடுங்கள், கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், எழுதி முடிக்கும் வரை எழுந்து போகாதீர்கள். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளர் ஒருவர் அங்கேயே இருப்பார். நிறையப் பேருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

இன்னொன்று, கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர். அவ்வளவு பேர் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் வீடுவீடாக நோட்டு போகும், கையெழுத்து சேரும். உங்கள் வீட்டுக்கு அந்த நோட்டு வந்தால் போடாதீர்கள். அது பெரிய புரட்சியெல்லாம் இல்லை, ஆனால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் கூப்பிட அவர்களே வருவார்கள்.

ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று முன்பு நான்குதான். 2022-இல் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்தன. உங்கள் பிரச்னைக்கு மார்ச் 22-ஐ விட்டால் வேறு என்ன நாள்?

தீர்மானம் ஏறிய பிறகும் நடக்கவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு. இன்ன தேதி, இன்ன எண் தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஏன் செய்யவில்லை, எப்போது செய்வீர்கள் என்று கேட்டால் "கேள்விகளுக்குப் பதிலளிக்க இச்சட்டத்தில் இடமில்லை" என்று ஒரு கடிதம் வரும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தவறான ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், சரியான இடத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கே: எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் தலைவர் என்று ஊரே கூப்பிடுவது அவர் கணவரைத்தான். 50 சதவீத ஒதுக்கீடு யாருக்காக?
– கல்லூரி மாணவி, தென்காசி

எல்லா ஊரிலும் அப்படி இல்லை, ஆனால் நிறைய ஊரில் அப்படித்தான். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது, அதன்படி நடந்த முதல் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில். இடம் வந்த வேகத்துக்குப் பழக்கம் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை கவனித்திருக்கிறீர்களா? ஊரில் யாருக்கு ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரியும் என்று பார்த்தால், சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத்தான். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது அது. வாரா வாரம் கூடுவது, வருகைப் பதிவு, வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிப்பது, தீர்மானம் எழுதுவது, கடன் வாங்கியவள் கட்டவில்லை என்றால் முகத்துக்கு நேராகக் கேட்பது என்று எல்லாமே அங்கே இருக்கிறது. அரசியல் கட்சிகளின் கிளைக் கூட்டத்தில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. அதே பெண்கள் கிராம சபைக்கு வந்தால் மட்டும் ஓரமாகப் பாயில் உட்கார்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது ஆம்பளைகள் கூட்டம் என்று எல்லோரும் முடிவு கட்டியாகிவிட்டது.

உங்கள் ஊரில் தலைவரின் கணவரைத் திட்டுவதில் நேரம் போக்காதீர்கள். நாலு குழுவிலிருந்து பத்துப் பத்துப் பேர் சேர்ந்து வந்து, தலைவர் அம்மாவைப் பார்த்து, அவரிடம் மட்டும், கேள்வி கேளுங்கள். கணவர் பதில் சொல்ல எழுந்தால் "அண்ணே, நீங்க உட்காருங்க, அக்கா சொல்லட்டும்" என்றால் போதும். ஊராட்சி காசோலையில் கையெழுத்து போடுவது அந்த அம்மாதான் என்பதை அவருக்கும் அடிக்கடி ஞாபகப்படுத்துங்கள், நாளைக்குத் தணிக்கையில் ஏதாவது வந்தால் மாட்டப்போவதும் அந்தக் கையெழுத்துதான்.

கே: உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை முறையில் தேர்தல் நடத்திய இனம் நாம். நமக்கு யார் ஜனநாயகம் சொல்லிக்கொடுக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காஞ்சிபுரம்

ஐயா, பெருமைதான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ஆம் ஆண்டுகள். 30 குடும்பு, அதாவது இப்போதைய வார்டு மாதிரி. ஆனால் அந்தப் பானைக்குள் யார் பெயர் வேண்டுமானாலும் விழுந்துவிடாது. நிலம் இருக்க வேண்டும், சொந்த மனை இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர்களின் சபை அது. பெண்களுக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. முன்பு வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவன் உறவுக்காரர்கள் பெயரையும் எழுதக் கூடாது. அந்த ஒரு விதியை மட்டும் இப்போது கொண்டுவந்தால் எத்தனை வேட்பாளர் மிஞ்சுவார்கள்?

கே: எங்கள் ஊரில் கிராம சபையைக் கோயில் திடலில் வைக்கிறார்கள். காலனியிலிருந்து நாங்கள் போனால் ஓரமாக நிற்க வேண்டும். போகாமல் இருந்தால் "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்கிறார்கள். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். மற்றவர்களுக்குச் சொன்ன பதில் எதுவும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் எழுந்து பேசினால் மற்றவர்களுக்கு வருவது கோபம், உங்களுக்கு வருவது வேறு.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பிலேயே இது இருக்கும். இடம் குக்கிராமங்களுக்குள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பதும் இருக்கும். அதனால் நீங்கள் கேட்கப்போவது சலுகை கிடையாது. அடுத்த கூட்டத்தை எங்கள் குடியிருப்பில் உள்ள பள்ளியிலோ அங்கன்வாடி முன்பாகவோ நடத்துங்கள் என்று கூட்டத்துக்கு முன்பே, இருபது முப்பது பேர் கையெழுத்தோடு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனி ஆளாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.

விதி இருந்தால் நடந்துவிடுமா என்றால், இந்த மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனித்தொகுதி ஆனதற்காக 1997 ஜூனில் தலைவர் முருகேசனும் உடன் இருந்த பலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல், தனித்தொகுதியான இந்த நான்கிலும் 1996-இலிருந்து பத்து வருஷம் ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006-இல்தான் ஒரு வழிக்கு வந்தது, அதுவும் அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, விடாமல் நின்றதால். அதற்கெல்லாம் பிறகு, 2022 ஆகஸ்டில், பட்டியல் சமூகத் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடியேற்ற ஒரு கடிதம்!

ஊர் கூடிப் பிரச்னையைத் தீர்ப்பது என்று பேசும் எல்லோரும் "ஊர்" என்றால் யார் என்பதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் ஊர் ஒற்றுமை என்பது பெரும்பாலும் சேரிக்கு எதிரான ஒற்றுமை. உங்கள் பக்கம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர், வக்கீல், சங்கத்துக்காரர் யாராவது ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கூட்டத்தை வீடியோ எடுக்க ஒரு பையனை உட்கார வையுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து காசு போட்டு எங்கள் ஏரியில் சீமைக்கருவேலம் வெட்டலாம் என்றிருக்கிறோம். "அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், புதுக்கோட்டை

இரண்டு பேரும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துப் போட்ட பிறகு, பேராவூரணியில் இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்று ஒரு சங்கம் வைத்து, 564 ஏக்கர் பெரியகுளத்தை 2019-இல் தூர்வாரினார்கள். தென்னை எல்லாம் விழுந்து, கையில் காசு இல்லாத நேரம் அது. அப்புறம் மற்ற ஊர்களுக்கும் போனார்கள். உங்கள் பக்கத்து ஊர்தானே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரியவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஊரே சேர்ந்து ஏரி, கால்வாயைப் பராமரிப்பதை, குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதை, வெள்ளைக்காரன் 1858-இல் சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாக்கினான், பராமரிப்புச் செலவை ஊர் தலையில் கட்டுவதற்கு வசதியாக. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் 100 கோடி ரூபாய்க்கு 1,519 வேலைகளை எடுத்தபோது, ஆயக்கட்டு விவசாயிகள் பெயரில் ஒப்பந்ததாரரே செய்கிறார் என்று பல ஊரில் புகார் வந்தது. பெயர் மக்களுடையது, பில் வேறு யாருடையதோ.

என் கருத்து இது: வேலையைச் செய்யுங்கள், ஆனால் மரம் வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஏரியின் புல வரைபடமும், நிலத்தின் வகையும் பரப்பும் எழுதியிருக்கும் அ-பதிவேடும் வாங்கி, ஏரி எத்தனை ஏக்கர், இப்போது எத்தனை இருக்கிறது, வரத்துக் கால்வாய் யார் வயலுக்குள் போய் மறைந்தது என்று பாருங்கள். கால்வாயைத் திறக்காமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் அழகான பள்ளம் கிடைக்கும், தண்ணீர் வராது. ஏரி நீர்வளத் துறையுடையதா ஊராட்சியுடையதா என்று தெரிந்துகொண்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மண் திருட்டு வழக்கு உங்கள் மேலேயே வரும். மரத்தை விற்ற காசு எங்கே போகும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள், நல்ல நல்ல சங்கங்கள் உடைந்தது அந்த இடத்தில்தான். மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தையும் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆக்கிரமிப்பு விஷயத்தில் மட்டும் நீங்களே கடப்பாரை எடுக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான். அந்த வேலையை அதிகாரி செய்யட்டும்.

கே: பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். என்ன ஆயிற்று? கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

தடுத்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. இதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒடிசாவில் நியம்கிரி மலையில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே முடிவெடுக்கச் சொல்லி, 12 ஊரும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, நின்றது. அது வன உரிமைச் சட்டத்தின் பலம். சாதாரண ஊராட்சித் தீர்மானத்துக்கு அந்தப் பலம் கிடையாது. ஏகனாபுரத்தில் 2022 ஆகஸ்டிலிருந்து எதிர்த்தும் திட்டத்துக்கு ஒப்புதல்கள் கிடைத்துக்கொண்டேதான் இருந்தன.

அப்படியென்றால் வீணா என்றால், அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2024 நவம்பர் 7-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. மேலூர் வட்டார ஊராட்சிகள் அந்த மாதமே கிராம சபை கூட்டித் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, ஜனவரி 7-இல் மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள், ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை. 2022-இலேயே அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது, எல்லாக் கட்சியும் ஒரே பக்கம் நிற்க வசதியாக இருந்தது. பரந்தூரில் அந்த வசதி இல்லை. இரண்டு ஊரிலும் மக்கள் ஒரே மாதிரி உறுதியாகத்தான் நின்றார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கே: கேள்வி கேட்டால் ஆளை அடிக்கிறார்கள். நீங்கள் பத்திரிகையில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.
– வாசகர், கரூர்

உண்மை. 2025 ஜனவரியில் திருமயம் அருகே கல்குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்து வந்தவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். மணல், கல், மண் சம்பந்தப்பட்ட மனு என்றால் ஒருவர் பெயரில் போகவே கூடாது. ஒரே மனுவைப் பல பேர் தனித்தனியாக அனுப்புங்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார், ரசீது.

கே: என் மகனை "சமூகத் தலைமைப் பண்பு" பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா? மூன்று நாள், கட்டணம் அதிகம்தான்.
– ஒரு அப்பா, கோயம்புத்தூர்

அனுப்புவதற்கு முன் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ் காசுதான். அந்த ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வந்த கரண்ட் பில்லில். பில்லைப் பார்த்துப் புலம்பாத ஊராட்சி கிடையாது. இவர்கள் அதைக் குறைக்க வழி தேடிக்கொண்டே போய்க் காற்றாலையில் நின்றார்கள்.

பையனுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமென்றால், உங்கள் தெருவில் எரியாத ஒரு விளக்கை மாநகராட்சியைக் கொண்டு எரிய வைக்கச் சொல்லுங்கள். கம்பத்தின் எண், வார்டு எண், புகார் எண், யாரிடம் பேசினான், எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி வைக்கட்டும். முகாமில் சான்றிதழ் தருவார்கள், இதில் தர மாட்டார்கள்.

கே: நீங்கள் தலைவரைக் கேளுங்கள் என்கிறீர்கள். எங்கள் ஊரில் தலைவரே இல்லையே, 2025-லிருந்து தனி அலுவலர்தானே?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் 243-E சொல்கிறது. அதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் இதே நிலைதான். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது: வார்டு வரையறை, வழக்கு, மாவட்டப் பிரிப்பு.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சி, 388 ஒன்றியம். வகுத்துப் பாருங்கள், தனி அலுவலராக இருக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தலைக்கு முப்பதுக்கு மேல் ஊர். உங்கள் தெருக் குழாய் அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

ஆனால் தலைவர் போனாலும் கிராம சபை போகாது. அதன் உறுப்பினர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கும் நீங்கள் எல்லோரும், உங்களுக்குப் பதவிக்காலம் கிடையாது. கூட்டம் வழக்கம்போல் நடக்கும், தனி அலுவலர் பொறுப்பில். வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐக் கூட்டத்தில் வைத்தே ஆக வேண்டும். பிளெக்ஸில் அடித்து எங்காவது மூலையில் கட்டியிருப்பார்கள், பக்கத்தில் போய் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்ப் பராமரிப்பு என்று ஒரு தொகை இருக்கும். எந்த மோட்டாருக்கு, எந்தத் தெருவில், எந்தத் தேதியில் என்று அங்கேயே கேளுங்கள்.